ஆமோஸ் தைத்த சால்

அந்தக் கிணற்றுத் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரத்தச் சிவப்பு என்று சொன்னவர்கள் உண்டு. கத்தரிப்பூ நிறம் என்றார்கள் சிலர். சேற்றுப் பழுப்பாகத்தான் இருந்தது, மற்றதெல்லாம் பின்னால் கட்டிவிட்டது என்று சாதித்தவர்களும் உண்டு. கேட்டுக் கேட்டு, எதை யாரிடம் கேட்டேன் என்பதே குழம்பிப்போய்விட்டது. வருஷம் மட்டும் நிச்சயம். யுத்தத்தில் இரும்பு கிடைக்காமல், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும், ஓட்டை விழுந்த இரும்புச் சால்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் குடியானவர்கள் மறுபடியும் தோல் சாலுக்குத் திரும்பிய நாற்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதம்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் தோல் வேலை தெரிந்தவன் அம்மாசி ஒருவன்தான். ஊருக்கு வெளியே தீண்டப்படாதவர்கள் குடியிருந்த வளவின் கடைசிக் குடிசைக்கு முன்னால் வேலமரத்தடியில் உட்கார்ந்து, ஆவாரம்பட்டையில் ஊறிய தோலை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, குத்தூசியால் துளைபோட்டு வாரைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ராமாயி தைத்து முடித்த பக்கத்துக்கு ஆமணக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாலின் வாய் முடிந்திருந்தது. தண்ணீர் வழிந்து வாய்க்காலில் விழுவதற்கான நீண்ட வால்தான் பாக்கி.

ஊரார் பண்ணாடி என்று அழைத்த நிலக்காரரின் பண்ணையாள் அங்கமுத்து வந்து, எட்டத்தில் ஒரு புளியமர நிழலில் நின்றுகொண்டான்.

"அம்மாசி, சாலு என்னாச்சு? பண்ணாடி வெடியால இருந்து மூணு தடவ கேட்டாச்சு. வாழையெல்லாம் தொங்கிப்போச்சு."

"நாளைக்கு வெடியால தந்தர்றேனுங்க."

"நேத்தும் இதத்தான் சொன்னே. உன்ற நாளை எப்பத்தான் வருமோ."

"மாட்டுக்குப் பதிலா நீங்க சித்த நேரம் இழுத்துப் பாருங்க," என்றாள் ராமாயி, தலையைத் தூக்காமல். "அப்பறம் தெரியும், வெரசாத் தெக்கோணுமா நல்லாத் தெக்கோணுமான்னு."

அங்கமுத்து சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "மேலத் தெருவுல ராத்திரி பேதில இன்னொண்ணு போயிருச்சு. அஞ்சாச்சு. இங்க எத்தன?"

"மூணுங்க," என்றான் அம்மாசி.

மூன்றாவது ஆள் மணியன். வளவில் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகியிருந்த ஒன்பது குடும்பங்களுக்கும் அவன்தான் உபதேசியார். பேதி கண்டவர்களின் துணியைத் துவைத்துப் போட்டு, செத்தவர்களைப் புதைத்து, முந்தின நாள் திங்கட்கிழமை பொழுது சாய அவனே போய்ச் சேர்ந்தான்.

மத்தியானம் மிஷன் வண்டி வந்தது. அதிலிருந்து நர்சம்மா ராஜம்மாள் இறங்கினாள். சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வளவுக்குள் நடந்து வந்து, கவிழ்த்திருந்த உரல்மேல் உட்கார்ந்தாள்.

"ஆமோஸ் அண்ணே," என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடக்கும் ஓலைக் குடிசையான ஜெபச் சாளைக்குள் மட்டும்தான் நடமாடும். அம்மாசி ஊசியை நிறுத்தினான்.

"மணியன் அண்ணனுக்கு அப்புறம் இந்த ஆறு ஊருக்கும் ஊழியத்துக்கு ஆள் இல்லை. போதகரும் நானும் பேசினோம். ரெண்டு பேர் வாயிலயும் உங்க பேருதான் வந்துச்சு."

"என்ற பேரா?"

"உங்க பேருதான்."

"தப்பா வந்திருக்குமுங்க." அவன் மறுபடி துளைபோடத் தொடங்கினான். "எழுத்துக் கூட்டறதுக்குள்ள எனக்குப் பொழுது போயிரும். பண்ணாடி முன்னால நின்னா நாக்கு மேல ஒட்டிக்கும். மணியன் பேசுவான். அவன் வேற."

"அவரும் முதல்ல இதையேதான் சொன்னாரு."

"அவன் சும்மா சொல்லிருப்பானுங்க. நான் நெசமாவே அப்படித்தான்."

ராமாயிக்குச் சிரிப்பு வந்தது. நர்சம்மா சிரிக்கவில்லை.

"இப்ப படிக்கறதுக்கு ஆள் வேண்டாம் அண்ணே. பேதி கண்டவங்களுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடுக்கணும். பக்கத்துல உக்காந்து ஜெபிக்கணும். போயிட்டா புதைக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி கிணத்துக்கு மருந்து போடணும்." பையிலிருந்து மூன்று பொட்டணங்களை எடுத்து மடியில் வைத்தாள். ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். கருநாவல் நிறத்தில் மினுமினுக்கும் பொடிக்கல். "ஒரு பொட்டணத்தைப் பானையில கரைச்சுக் கிணத்துல விட்டுக் கலக்கணும். தண்ணி இளஞ்சிவப்பா ஆகும். மறுநாள் காலையிலயும் அந்தச் சிவப்பு கொஞ்சமாவது நிக்கணும். பழுப்பாயிட்டா மருந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம். திரும்பப் போடணும்."

"கெணத்துப் பக்கம் நாங்க போகப்படாதுங்களே."

"தெரியும். உங்க பண்ணாடி குழந்தைவேல்கிட்ட நானே போய்க் கேட்டேன். மாரியாத்தாளுக்குப் பொங்கல் வெச்சாச்சு, மிஷன் மருந்து வேண்டாம்னுட்டாரு. சர்க்கார் ஆள் வர்றதுக்கு இன்னும் பத்து நாளாகுமாம்."

பக்கத்துக் குடிசையில் யாரோ இருமினார்கள். பத்து நாள் என்றால் எத்தனை பேர் என்று மூவருமே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"வியாழக்கிழமை வர்றேன்," என்று எழுந்தாள். "இல்லைன்னு சொல்றதா இருந்தா அன்னிக்குச் சொல்லுங்க. இது இங்கயே இருக்கட்டும்."

பொட்டணங்கள் உரல்மேல் இருந்தன. அம்மாசி அவற்றை நெடுநேரம் தொடவில்லை.

படிப்பும் நாக்கும் அவன் வெளியில் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் வேறொன்று. மூன்று வருஷத்துக்கு முன் களத்தில் வைத்து, பத்துப் பேருக்கு முன்னால் பண்ணாடி கேட்டார்: "ஏன்டா, நீயும் வேதத்துல சேந்துட்டியாமா? பேரெல்லாம் மாத்திட்டாங்களாமா?" அவன் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு சொன்னான்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சாமி. நான் அம்மாசிதானுங்க." பண்ணாடி அத்தோடு விட்டுவிட்டார். பெரிய விஷயமில்லை. அன்று ஒரு மரக்கால் கம்பு சேர்த்தே போட்டார். அந்தக் கம்பை ராமாயி இடித்துக் களி கிண்டினாள். அம்மாசி வட்டிலைத் தள்ளி வைத்தான். அதிலிருந்து ஜெபச் சாளையில் வாசல் ஓரமாகத்தான் உட்காருவான். காற்றுக்காக என்று மணியன் நினைத்துக்கொண்டான்.

பொழுது இறங்கும்போது வாலைத் தைத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்து போய் ஒரு பொட்டணத்தை எடுத்துவந்தான். பொடியைக் கந்தல் துணியில் முடிந்து, வாலின் உள்பக்கம், தண்ணீர் அலசிக்கொண்டு போகும் இடத்தில் வைத்து இரண்டு தையல் போட்டான்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் ராமாயி.

"கெணத்துக்குள்ள நாமதான் போகப்படாது. சாலு போகும். மாடு இழுக்க இழுக்கத் தண்ணி தானாக் கலங்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் எண்ணெய்க் கையைப் புல்லில் துடைத்தாள். "மணியன் இருந்தா இப்படிப் பண்ணுவானா?"

"மணியன் செத்துட்டான்."

புதன்கிழமை காலையில் சால் கிணற்றுக்குப் போனது. அம்மாசி பனைமரத்தடியில் நின்று பார்த்தான். அங்கமுத்து மாடுகளைப் பின்னுக்கு நகர்த்தினான். சால் கிணற்றுக்குள் இறங்கிற்று. மாடுகள் சரிவில் இறங்க, வடம் முறுக்கிக்கொண்டு, தண்ணீர் மேலேறி வந்து வாய்க்காலில் கொட்டிற்று. பழுப்பாக இருந்தது.

"டே, உன்ற தோலு நல்லாச் சாயம் விடுது," என்று அங்கமுத்து சத்தம் போட்டான். "ஒரு சாயப்பட்டறையே வெச்சரலாமாட்ட இருக்குது."

புதுத்தோல் முதல் நாள் சாயம் விடத்தான் செய்யும். அது ஊரறிந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. அம்மாசியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். மேலே தெரிவது தோல் சாயம், அடியில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்று. இருபது சால் வரை நின்று பார்த்தான். பழுப்பு மெல்லிதாகித் தண்ணீர் தெளிந்தது. சிவப்பு வரவில்லை. பார்க்காதவன்போல் திரும்பி நடந்தான்.

வாய்க்கால் ஓரத்தில் வளவுப் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். மாடு பூட்டி இறைக்கும் கவலை ஓடினால் வாய்க்காலில் முகந்துகொள்ளலாம். ஓடாத நாளில் மேலத் தெருப் பெண் யாராவது மனசு வந்து உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். பக்கத்துக் குடிசைச் சென்னியம்மாள், புருஷன் இல்லாதவள், அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நர்சம்மா குடுத்த மருந்தப் போட்டாச்சா சாமி? காச்சறதுக்கு எங்கூட்டுல வெறகு இல்ல."

"போட்டாச்சு," என்றான் அம்மாசி. "இனிப் பயமில்ல."

வியாழக்கிழமை கோழி கூப்பிட ராமாயி அவனை உலுக்கி எழுப்பினாள். சென்னியம்மாளின் குடிசையில் மண்தரை ஈரமாக இருந்தது. அவள் கண் உள்ளே போயிருந்தது. கைவிரல் தோல் சுருங்கியிருந்தது.

அவன் வாய்க்காலுக்கு ஓடினான். நேற்றைய தண்ணீர் ஒரு குழியில் தேங்கியிருந்தது. இரண்டு கையிலும் அள்ளி வெளிச்சத்துக்குப் பிடித்தான். ஒரு நிறமும் இல்லை. விரலிடுக்கு வழியே ஒழுகியபின் அவன் கை மட்டும் தெரிந்தது. இருபது வருஷம் ஆவாரம்பட்டையில் ஊறிப் பழுப்பேறிய கை. ஆவாரம்பட்டைத் தோல் எதைத் தொட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியாததா? நேற்று வந்த பழுப்பு தோல் சாயம் மட்டுமல்ல. பொட்டணத்து மருந்து முழுவதையும் தோலே குடித்துத் தீர்த்திருந்தது.

திரும்பி வந்து சென்னியம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்தான். ராமாயி கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டாள். பாதி வெளியே வந்தது.

"போட்டேன்னியே சாமி," என்றாள் சென்னியம்மாள். குறையாகச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல் சொன்னாள்.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினான். ஆண்டவரே என்பதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. நல்ல ஆள் ஒருவன் இருந்தான், அவனை எடுத்துக்கொண்டீரே, மிச்சம் இருப்பது நான்தானே என்று நினைத்தான். அது ஜெபமா முறையீடா என்று அவனுக்கே தெரியவில்லை. கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்து தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. பதில் என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் நேரம் போகப் போக ஒன்று மட்டும் தெளிந்தது. மறைத்து வைத்த மருந்து இரண்டாவது முறையும் அதே வழியில்தான் போகும். எத்தனை பொட்டணம் இருந்தாலும் போகும்.

எழுந்து, தன் குடிசையிலிருந்து புதுமண்பானையையும் மீதி இரண்டு பொட்டணங்களையும் எடுத்துக்கொண்டான்.

"நானும் வாரேன்," என்றாள் ராமாயி.

"வேண்டாம். கஞ்சித்தண்ணிய நிறுத்தாத."

பண்ணாடி களத்தில் நின்று வைக்கோல் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சவரமில்லாமல் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. அவர் மகள் கந்தம்மாளுக்கு ராத்திரி பேதி கண்டிருந்தது.

அம்மாசி களத்து ஓரத்தில் நின்றான்.

"என்னடா? சாலு ஒழுகுதா?"

"ஒழுகலீங்க சாமி. வாலுக்குள்ள கெணத்து மருந்து வெச்சுத் தெச்சேனுங்க. அத தோலே குடிச்சுப்போச்சு. இன்னும் ரெண்டு பொட்டணம் இருக்குதுங்க. நேராப் போடோணும்."

வைக்கோல் பிரித்தவர்கள் நிமிர்ந்தார்கள். பண்ணாடிக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது.

"எங்கெணத்துல மருந்து போட நீ யாருடா?"

"ஆமோஸுங்க."

"என்ன?"

"என்ற பேரு ஆமோஸுங்க. முந்தி ஒருக்கா இந்தக் களத்துலயே கேட்டீங்க. இல்லைன்னேன். அது பொய்யிங்க."

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. அவனே அதைக் கேட்டான்.

பண்ணாடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே மறுபடி ஓங்கரிப்பு. "கெணத்துப் படில கால வெச்சீன்னா அந்தக் கால் உனக்கு இருக்காது. ஊட்டுக்குப் போ."

"சரிங்க சாமி," என்றான், வழக்கம் விடாமல். சொல்லிவிட்டுக் கிணற்றுக்கு நடந்தான்.

அந்தக் கிணற்றை அவன் உள்ளிருந்து பார்த்ததில்லை. பதினேழு படி. படிகள் பெண்களின் காலில் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. மேலே, கவலைச் சட்டத்தில் அவன் தைத்த சால் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் குந்தி, பானையில் தண்ணீர் முகந்து பொட்டணத்தைக் கொட்டினான். பானைக்குள் ரத்தம்போல் இருந்தது. கிணற்றில் ஊற்றினான். சிவப்பு திரிதிரியாக இறங்கிற்று. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பானையால் முகந்து முகந்து ஊற்றிக் கலக்கினான். இரண்டாவது பொட்டணத்தையும் கரைத்துவிட்டான். கிணறு முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகி, பிறகு மெல்ல வெளுத்து இளஞ்சிவப்பில் நின்றது. சுவரோரம்வரை நின்றது.

எதிர்ப்படியில் அரவம் கேட்டது. பண்ணாடியின் மனைவி ஆத்தாயி இரண்டு குடத்தோடு வந்திருந்தாள். அவனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ராத்திரி முழுக்க விழித்திருந்த கண்.

"இது கொல்லுமா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க ஆத்தா. இத்தன நாள் இருந்துச்சே, அதுதான் கொல்லும்."

அவள் இரண்டு குடத்தையும் முக்கி நிறைத்து, தலையிலும் இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு, களத்துப் பக்கம் போகாமல் மாட்டுக் கட்டுத்தரை வழியாகப் போனாள்.

அவன் மேலே ஏறியபோது ஆட்கள் நின்றிருந்தார்கள். பண்ணாடி சொன்னார், அங்கமுத்து அடித்தான். கவலை வடத்தால், சொன்ன காலில். மூன்றாவது அடிக்கு எலும்பு போன சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அங்கமுத்து அதற்குமேல் அடிக்கவில்லை. வடத்தைக் கீழே போட்டுவிட்டு மாட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கிணறு தீட்டாகிவிட்டதால் தண்ணீரை முழுக்க இறைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு ஜோடி மாடு மாற்றி மாற்றி, இரண்டு நாள். வேறு சால் இல்லை. குடிக்க வேண்டியதை முன்பே குடித்து முடித்த அந்தச் சாலே இறங்கி ஏறிற்று. இளஞ்சிவப்புத் தண்ணீர் வாழைக்குக்கூட வேண்டாம் என்று மடையைத் திருப்பி வளவுப் பக்கம் விட்டார்கள்.

வியாழக்கிழமை மாலை ராஜம்மாள் வந்தபோது வளவுக் குழிகளெல்லாம் நிரம்பி இருந்தன. குனிந்து தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். "இருக்கற பானை சட்டி எல்லாத்துலயும் பிடிச்சு வைங்க," என்றாள். "இதைத் தவிர வேற எதையும் குடிக்காதீங்க." அன்றைக்கு வளவில் யாரும் குடத்தோடு காத்து நிற்கவில்லை. நினைவு தெரிந்து அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

பிறகு அவள் வேலமரத்தடிக்கு வந்து அவன் காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். முடிச்சுப் போட்டபின் சொன்னாள்: "இல்லைன்னு சொல்றதா இருந்தா இன்னிக்குச் சொல்லுங்கன்னேன்."

அவன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சித்த ஆறட்டுமுங்க," என்றான். "மொதல்ல எந்த ஊரு?"

சென்னியம்மாள் வெள்ளிக்கிழமை இறந்தாள். ஆமோஸைக் கட்டிலோடு தூக்கிப்போய்க் குழியோரம் வைத்தார்கள். அவன் வாய்விட்டுச் சொன்ன முதல் ஜெபம் அதுதான். பாதியில் நின்றது, மறுபடி ஓடிற்று. வளவில் அதற்குப்பின் யாரும் சாகவில்லை. இறைத்த கிணற்றில் மருந்தில்லாத புது ஊற்று ஊறியது. மேலத் தெருவில் இன்னும் நான்கு பேர் போனார்கள். அவன் கால் பட்டதுதான் காரணம் என்றார்கள். பதினாலாம் நாள் சர்க்கார் ஆள் வந்து அதே மருந்தை அதே கிணற்றில் போட்டார். பண்ணாடி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

கந்தம்மாள் பிழைத்தாள். அடுத்த தையில் வெண்ணந்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டுத்தரையில் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்த அந்த இரண்டு குடத்தைப் பற்றி ஆத்தாயி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அங்கமுத்து அந்த வருஷமே சேலத்துக்கு மில் வேலைக்குப் போனான், திரும்பவில்லை. ராஜம்மாளை யுத்தம் முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆமோஸ் கோல் ஊன்றி ஆறு ஊருக்கும் பதினொரு வருஷம் நடந்தான். மற்ற ஐந்து ஊரிலும் கிணற்றுப் படிவரை அவனை விட்டார்கள். சொந்த ஊரில் மட்டும் விடவில்லை. அங்கே சால் தைக்கவும் அவனை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

அந்தச் சாலை மட்டும் ஒருவரும் எறியவில்லை. தையல் விடவில்லை. ஏழு வருஷம், கவலை ஓடிய நாளெல்லாம், அது நாளுக்கு நூறு தடவை அந்தக் கிணற்றுக்குள் போய்ப் போய் வந்தது. ஓடாத நாளில் ராமாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டத்தில் நிற்பாள். ஆத்தாயி வந்து ஊற்றுவாள். கொஞ்சம் உயரத்திலிருந்து, விளிம்பு படாமல்.